கவுண்டரில் இருக்கும்போது மதத்தை என்ன செய்வது?

கல்முனையிலோ ஏறாவூரிலோ பிரதேச செயலகத்தில் விவாகப் பதிவுப் பக்கம் புதிதாக வந்திருக்கிறீர்களா? இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை உங்கள் நம்பிக்கையைக் காக்கிறது, சரி. எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்னும் 12ஆம் உறுப்புரை முன்னால் நிற்பவரைக் காக்கிறது. ஒரு முஸ்லிம் பையனும் இந்துப் பிள்ளையும் பொது விவாகச் சட்டத்தின் கீழ் பதிய வந்தால், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் வயது, அறிவித்தல், ஆவணங்கள் ஒழுங்கா என்று மட்டும் பாருங்கள், "நாளைக்கு வாங்க" என்று அலைக்கழிப்பதும் மறுப்புத்தான். மனசு இடம் தராவிட்டால் முன்கூட்டியே மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து வேறொருவரைக் கேளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நீங்களே செய்ய வேண்டியதுதான். பெண் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்வது? அறவே கூடாது. அப்புறம், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது மேசையை யார் பார்ப்பார் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பதிவு மறுக்கப்பட்டுப் பாதிக்கப்பட்டவர் 1 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் (Supreme Court) அடிப்படை உரிமை மனு போடலாம்.