தங்கத்தின் மேல் டிஎன்ஏ காரங்கள்: சார்ட் அட்டையை வெட்டிச் செய்து பார்க்கும் பாடம்

அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என்ற நான்கு நைட்ரஜன் காரங்களையும் பள்ளிப் பாடம் இரட்டைச் சுருளின் படிகளாகவே நமக்குக் காட்டியிருக்கிறது. சுருளிலிருந்து பிரித்து, சர்க்கரையும் பாஸ்பேட்டும் இல்லாமல், சுத்தமான தங்கத்தின் மேல் இறக்கினால் அவை என்ன செய்யும்? கண்டபடி சிதறிக் கிடக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் குவானைன் நான்கு நான்காகச் சேர்ந்து சதுரம் கட்டுகிறது. தைமின் வரிசை பிடிக்கிறது. சைட்டோசின் எந்த ஒழுங்குக்கும் அடங்க மறுக்கிறது.

காரணம் பெரும்பாலும் மூலக்கூறின் ஓரத்தில் இருக்கிறது. அந்த ஓரத்தைப் படிக்கத் தெரிந்தால், அட்டையும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டே அமைப்பை ஊகிக்கலாம். இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கோட்பாட்டாளர்கள் 2000களின் நடுவில் கணினியில் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஒரு காரம் தன் இனத்தோடு எத்தனை விதமாக இணை சேர முடியும் என்று முதலில் எண்ணினார்கள். அந்த இணைகளிலிருந்து பெரிய அமைப்புகளைக் கட்டினார்கள்.

படி 1: ஆய்வகத்தில் நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

காரத்தின் வெண்பொடியை ஒரு வெற்றிடக் கலத்துக்குள் மெல்லச் சூடாக்குகிறார்கள். உள்ளே இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே. இல்லாவிட்டால் காற்றில் உள்ள அழுக்கு தங்கத்தை முதலில் மூடிவிடும். பொடி உருகாமல் நேரே ஆவியாகி, மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகத் தங்கப் படிகத்தின் மேல் வந்து படுக்கின்றன. 'படுக்கின்றன' என்பதைக் கவனியுங்கள். நான்கும் தட்டையான மூலக்கூறுகள் என்பதால்தான் அட்டைத் துண்டுகள் அவற்றுக்கு நல்ல மாதிரிகளாகின்றன.

படம் எடுப்பது ஸ்கேனிங் டன்னலிங் நுண்ணோக்கி. 1981இல் சூரிச் ஐபிஎம் ஆய்வகத்தில் கெர்டு பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் உருவாக்கியது. 1986இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. கூரிய ஊசியைப் பரப்புக்குத் தொடாத தூரத்தில் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், இடைவெளியைத் தாண்டி மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினால் மின்னோட்டம் சுமார் பத்தில் ஒரு பங்காகிவிடும். அந்தக் கூர்மையால்தான் மூலக்கூறு தெரிகிறது. ஆனாலும் திரையில் வருவது ஒரு மேடு மட்டுமே. எந்த ஹைட்ரஜன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அது சொல்லாது. அந்த இடத்தை நிரப்பத்தான் மாதிரிகள் தேவை.

படி 2: தரையை வரையுங்கள்

1 நானோமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் என்று அளவு வைத்துக்கொள்வோம். ஆய்வுகளில் அதிகம் பயன்படும் (111) என்ற தங்க முகத்தில் (படிகத்தை எந்தத் திசையில் வெட்டினார்கள் என்பதைக் குறிக்கும் எண் இது) அணுக்கள் முக்கோண ஒழுங்கில், 0.288 நானோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. பெரிய சார்ட்டில் 2.9 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த வரிசையைப் பாதி தள்ளி வையுங்கள். உண்மையில் தங்கத்தின் மேலடுக்கில் 22 அணுக்களுக்கான இடத்தில் 23 அணுக்கள் நெருக்கியடித்து நிற்பதால் அந்தப் பரப்பே லேசாக வரிவரியாக மடிந்திருக்கும். நமக்கு அந்த மடிப்பு வேண்டாம்.

படி 3: துண்டுகளை வெட்டுங்கள்

பாடப்புத்தகத்தில் உள்ள அமைப்புப் படத்தை, அறுகோணத்தின் பக்கம் 1.4 சென்டிமீட்டர் வரும்படி பெரிதாக்கி நகலெடுத்து அட்டையில் ஒட்டுங்கள். ஒவ்வொரு காரத்திலும் எட்டுத் துண்டுகளாவது வேண்டும். அறுகோணத்தின் ஒரு முனை மேல்நோக்கி இருக்கட்டும். அடினைனுக்கும் குவானைனுக்கும் ஐங்கோணம் வலப்பக்கம் வர வேண்டும்.

இனி ஓரத்தில் புள்ளிகள். நைட்ரஜனோடு ஒட்டிய ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் சிவப்பு. ஆக்சிஜனுக்கும், ஹைட்ரஜன் இல்லாத நைட்ரஜனுக்கும் நீலம். கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜனை வெறுமையாக விடுங்கள். உச்சியிலிருந்து கடிகாரச் சுற்றில் இப்படி வரும்:

குவானைன்: நீலம், நீலம், வெறுமை, சிவப்பு, நீலம், அடுத்தடுத்து இரண்டு சிவப்பு, பிறகு இன்னொரு சிவப்பு.

அடினைன்: இரண்டு சிவப்பு, நீலம், வெறுமை, சிவப்பு, நீலம், வெறுமை, நீலம்.

சைட்டோசின்: இரண்டு சிவப்பு, வெறுமை, வெறுமை, சிவப்பு, நீலம், நீலம்.

தைமின்: நீலம், மெத்தில் தொகுதி (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும், புள்ளி வேண்டாம்), வெறுமை, சிவப்பு, நீலம், சிவப்பு.

உயிருள்ள செல்லில் சர்க்கரை பிடித்துக்கொண்டிருக்கும் நைட்ரஜன் இங்கே ஹைட்ரஜனோடு சும்மா நிற்கிறது. பரப்பின் மேல் காரங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாத இணைகளை உண்டாக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். துண்டின் பின்பக்கத்திலும் அதே புள்ளிகளை நேர் பின்னால் வையுங்கள்.

படி 4: விதிகள்

சிவப்பு நீலத்தைத்தான் பார்க்க வேண்டும். அதுதான் ஹைட்ரஜன் பிணைப்பு. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 1.9 சென்டிமீட்டர் விடுங்கள். துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறக்கூடாது. ஆக்சிஜனின் நீலப்புள்ளி மட்டும் இரண்டு சிவப்புகளை ஏற்கலாம். தங்கப் புள்ளிகளின் மேல் துண்டை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், சுழற்றலாம். தங்கம் இந்தக் காரங்களை இறுகப் பிடிப்பதில்லை. அறை வெப்பநிலையிலேயே அவை சுலபமாக ஊர்கின்றன.

படி 5: குவானைன்

முதலில் இதைச் செய்யுங்கள், பலன் உடனே தெரியும். இடது ஓரத்தில் இரண்டு சிவப்புகள் வெளியே பார்க்கின்றன. உச்சியில் இரண்டு நீலங்கள். இந்த இரு திசைகளுக்கும் இடையே கிட்டத்தட்ட செங்கோணம். ஒரு துண்டின் சிவப்பு இரட்டையை அடுத்த துண்டின் நீல இரட்டையோடு சேருங்கள். இரண்டாவது துண்டு 90 பாகை திரும்பிவிடும். அதே போல மூன்றாவது, நான்காவது. நான்காவது துண்டு தானாகவே முதல் துண்டைத் தொட்டு வட்டத்தை மூடிவிடும். உள்ளே எட்டு ஹைட்ரஜன் பிணைப்புகள்.

டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தில் ஃபிளெம்மிங் பெசன்பாகரின் குழு 2005இல் தங்கத்தின் மேல் பார்த்தது இந்த நால்வர் சதுரங்களின் வலையைத்தான். நம் குரோமோசோம்களின் நுனிகளில் குவானைன் அடர்ந்த வரிகள் உண்டு. அவையும் இதே சதுரங்களாக மடியக்கூடியவை. ஆனால் அங்கே நடுவில் பொட்டாசியம் போன்ற அயனி உட்கார்ந்து தாங்குகிறது. தங்கத்தின் மேல் அப்படி எதுவும் இல்லை. ஒரு பிணைப்பு உருவாகும்போது மூலக்கூறின் மின்னூட்டம் இடம் மாறி அடுத்த பிணைப்பையும் வலுவாக்குகிறது. எட்டும் ஒன்றையொன்று தாங்குவதால் அயனியின் தயவு தேவைப்படவில்லை என்று கணக்கீடுகள் காட்டின. அட்டை மாதிரியால் காட்ட முடியாத விஷயம் இது. துண்டுகள் சதுரம் மூடும் என்று சொல்லும். எவ்வளவு உறுதியாக மூடும் என்று சொல்லாது.

படி 6: தைமின்

இது சுலபம். புள்ளிகள் எல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்திருக்கின்றன. மறுபக்கத்தில் மெத்தில் தொகுதி துருத்திக்கொண்டு நிற்கிறது. எனவே இரு புறமும் ஒவ்வொரு துணையைச் சேர்த்தால் நீளமான இழை வரும், அதற்கு மேல் வழி இல்லை. தங்கத்திலும் இழைகளே வந்தன. மூலக்கூறுகள் கூடக் கூட அந்த இழைகள் பக்கம் பக்கமாக ஒட்டித் தீவுகளாகின்றன. அந்த ஒட்டுதல் வான்டர் வால்ஸ் விசையால் மட்டுமே, அதாவது எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே இருக்கும் பலவீனமான ஈர்ப்பால்.

படி 7: சைட்டோசின்

நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய படி. எட்டுத் துண்டுகளையும் நண்பர்களிடம் கொடுத்துத் தனித்தனியாக அடுக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு வளைந்து நெளிந்த இழை வரும், இன்னொருவருக்கு ஐந்து பேர் வளையம், மற்றொருவருக்கு ஆறு பேர் வளையம். யாரும் விதியை மீறவில்லை.

ஆர்ஹஸ் குழு தங்கத்தின் மேல் சைட்டோசினைப் படியவைத்து, வேகமாகக் குளிர்வித்தபோது கிடைத்ததும் இந்தக் கலவைதான். 2008இல் வெளியான அந்த ஆய்வு இதைத் தட்டையான ஒரு கண்ணாடி என்றே பார்த்தது; ஜன்னல் கண்ணாடியைப் போல அணிவகுப்பு இல்லாத திடநிலை. கூட்டமான பஸ்ஸில் ஏறியவர் கிடைத்த கம்பியைப் பிடித்து நின்றுவிடுவதைப் போல, ஒவ்வொரு மூலக்கூறும் முதலில் சிக்கிய துணையை விடுவதில்லை. நல்ல இடம் வேறெங்கோ இருந்தாலும் போய்ச்சேர வெப்பம் போதவில்லை. எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. மொத்த வலை எவ்வளவு தாறுமாறாக இருந்தாலும், அதைப் பிரித்துப் பார்த்தால் நெளியிழை, ஐவளையம், அறுவளையம் என்ற மூன்றே உறுப்புகள்தான்.

படி 8: அடினைனும் செம்பும்

அடினைனின் மூன்று ஓரங்களில் சிவப்பும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஓரம் தன்னையே 180 பாகை திருப்பி வைத்தால் பொருந்திவிடும். ஆகவே இணைகள், இணைகளிலிருந்து சங்கிலிகள், அல்லது அறுகோண வலை.

இப்போது ஒரு துண்டைப் புரட்டுங்கள். காற்றில் மிதக்கும்போது இடம் வலம் என்ற பேதம் இல்லாத மூலக்கூறு, பரப்பில் படுத்ததும் இடக்கை, வலக்கை என இரண்டு வகையாகிவிடுகிறது. திருப்பி வைத்துச் செய்யும் இணையில் இரண்டும் ஒரே வகையாகத்தான் இருக்க முடியும்.

தரையையும் மாற்றுங்கள். செம்பின் (110) முகத்துக்கு 3.6 சென்டிமீட்டர் இடைவெளியில் கோடுகள் வரைந்து, கோட்டின் மேல் 2.6 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். இது வரப்பும் பள்ளமுமான தரை. செம்பு நைட்ரஜனைத் தங்கத்தைவிட வலுவாகப் பிடிக்கும். அதனால் இங்கே சங்கிலி நினைத்த திசையில் போக முடியாது. அடினைன் இணைகளின் சங்கிலிகள் இரண்டே சாய்வுகளில், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக, ஓடுவதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே சாய்வு, ஒரே கை.

படி 9: கலந்து சூடாக்குங்கள்

குவானைனின் இடது ஓரத்துக்கு எதிரே சைட்டோசினை வையுங்கள். எப்படிச் சுழற்றினாலும் மூன்று புள்ளிகளும் பொருந்தாது. சைட்டோசினைப் புரட்டிப் போட்டதும் பொருந்தும். அதுதான் வாட்சன்-கிரிக் இணை, இரட்டைச் சுருளில் இந்த இரண்டும் சேரும் அதே விதம். அடினைனோடு சைட்டோசினை வைத்தால் இரண்டு பிணைப்புக்கு மேல் கிடைக்காது.

இதே சோதனையைத் தங்கத்தின் மேல் செய்தபோது, சைட்டோசின் இரண்டோடும் முதலில் கலந்தே கிடந்தது. சூடாக்கியதும் அடினைன் தனியாகவும் சைட்டோசின் தனியாகவும் பிரிந்துவிட்டன. குவானைனும் சைட்டோசினும் சேர்ந்தே இருந்தன. வீட்டில் சூடாக்க அட்டையைக் குலுக்கினால் போதும். ஒவ்வொரு குலுக்கலுக்குப் பிறகும் ஒரே ஒரு பிணைப்பில் தொங்கும் துண்டுகளை மட்டும் எடுத்து வேறிடத்தில் வையுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள்.