வயரிங் இல்லாத அலமாரிக்குள் விளக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த வாரம் ஒரு வீட்டில் ஏசி பாயின்ட் வேலையாக இருந்தேன். பக்கத்து அறையில், தொழிலுக்கு வந்து ஆறு மாதமே ஆன தம்பி ஒருவர் துணி அலமாரிக்குள் விளக்கு போட்டுக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த 16 ஆம்பியர் பாயின்டில் பிளக்கைச் செருகி, அதிலிருந்து மெல்லிய இரட்டை வயரைக் கதவுக் கீல் ஓரமாக உள்ளே விட்டிருந்தார். "ஏழு வாட் பல்புதானே அண்ணா, இந்த வயர் போதாதா?" என்றார். அவராவது கேட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் யாரையும் கேட்காமலே இதைச் செய்தேன்.

மெயினை அணைக்க வேண்டும், டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை நான் எழுதப்போவதில்லை.

பல்பைப் பார்த்து வயரைத் தேர்ந்தெடுப்பது

ஏழு வாட் பல்பு 230 வோல்ட்டில் இழுப்பது 0.03 ஆம்பியர். அந்தக் கணக்கில் முடி போன்ற வயரும் போதும்தான். ஆனால் வயரின் கனம் பல்பைப் பொறுத்ததல்ல. அந்த லைனுக்குப் பின்னால் நிற்கும் எம்.சி.பி.யைப் பொறுத்தது; அளவுக்கு மீறிக் கரன்ட் ஓடினால் தானாக விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச் அது. 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியரைத் தாண்டிய நொடியே விழுந்துவிடாது. ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக, 23 ஆம்பியர் அளவுக்கு ஓடினாலும் ஒரு மணி நேரம் வரை அது பொறுத்துக்கொள்ளலாம். அரை சதுர மி.மீ. வயர் அவ்வளவு நேரம் அதைத் தாங்காது.

என் விஷயத்தில் அவ்வளவு கரன்ட்கூடத் தேவைப்படவில்லை. நான் வயரை விட்டது கீல் பக்கம். கதவைத் திறக்கும்போதெல்லாம் வயர் மடிந்தது. மூடும்போதெல்லாம் கீலுக்கும் சட்டத்துக்கும் நடுவே நசுங்கியது. எட்டு மாதம் கழித்து அந்த வீட்டு அம்மா கூப்பிட்டார்கள். அலமாரியைத் திறந்தால் கருகல் வாடை. கீல் ஓரத்தில் மைகா கொப்புளித்து, பிளைவுட் உள்ளங்கை அகலத்துக்குக் கரியாகியிருந்தது. கருகிய இடத்தில் வயரின் மேலுறை தட்டையாகி வெடித்திருக்க, செம்பு இழைகள் பாதி அறுந்து துருத்திக்கொண்டிருந்தன. பக்கத்துத் தட்டில் மடித்து வைத்த பட்டுப் புடவைகளில் நான்கின் விளிம்பு போய்விட்டது. போர்டில் எம்.சி.பி. 'ஆன்' நிலையிலேயே இருந்தது.

ஏன் விழவில்லை? நசுங்கிய இடத்தில் கரன்ட் வரும் பேஸும் அது திரும்பும் நியூட்ரலும் நேராக ஒட்டிக்கொண்டிருந்தால் முழு ஷார்ட் ஆகி அந்தக் கணமே விழுந்திருக்கும். அங்கே ஒட்டவில்லை. நைந்த மேலுறை கருகி, அந்தக் கரி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரன்ட் பாய்ந்தது. இரண்டு ஆம்பியர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் அது 460 வாட், கிட்டத்தட்ட அரை இஸ்திரிப் பெட்டியின் சூடு, ஒரு நகத்தின் அகலத்தில். எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு. கரன்ட் கசிந்தால் லைனை அணைக்கும் ஆர்.சி.சி.பி. இருந்திருந்தாலும் பயனில்லை: பேஸில் போனது நியூட்ரலில் திரும்பிவிடுவதால் அதற்குக் கசிவாகவே தெரியாது.

எரிந்த பலகையை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். "இது என் கல்யாணப் புடவை தம்பி" என்று ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். அதை எப்படி மாற்றிக் கொடுப்பது? இன்றும் கீல் ஓரத்தில் வயரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஆகவே, வயரிங் இல்லாத அலமாரிக்குள் 230 வோல்ட்டைக் கொண்டுபோகாதீர்கள். 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் டிரைவரை வெளியே வைத்து, 12 வோல்ட்டை மட்டும் உள்ளே விடுங்கள். மீட்டருக்கு 9.6 வாட் எல்.இ.டி. ஸ்ட்ரிப் ஒன்றரை மீட்டர் போட்டால் 14.4 வாட், அதாவது 1.2 ஆம்பியர். 12 வோல்ட், 2 ஆம்பியர் டிரைவர் தாராளம். வயர் எங்காவது நசுங்கினாலும், தரமான டிரைவர் தன் அளவுக்கு மேல் கொடுக்காமல் நின்றுவிடும். அந்த 12 வோல்ட் வயரும் அசையும் கதவைத் தொடக் கூடாது. அசையாத பக்கப் பலகையில் துளையிட்டு, துளைக்கு ரப்பர் வளையம் போட்டு விடுங்கள்.

230 வோல்ட்தான் வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னால், 6 ஆம்பியர் எம்.சி.பி. உள்ள லைட் லைனிலிருந்து 1.5 சதுர மி.மீ. செம்பு வயரை, எர்த்தும் சேர்த்து, பைப்பிலோ கேசிங்கிலோ கொண்டுவாருங்கள். சுவிட்ச் பேஸில் இருக்க வேண்டும்.

இணைப்பை டேப் சுற்றிப் பலகைக்குப் பின்னால் மறைப்பது

கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் இணைப்பே கூடாது.

டிரைவரைப் புதைப்பது

டிரைவர் சூடாகும் பொருள். காற்றில்லாத பலகைப் பெட்டிக்குள் வைத்தால் ஆயுள் குறையும். மேலே துணி குவிந்தால் ஆபத்து. அலமாரியின் மேல்தட்டுக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் வையுங்கள். அங்கே பழைய போர்வைகளை அடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வேலையை முடித்துக் கிளம்பும்முன் வீட்டாரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

இரும்பு பீரோ

உள்ளே 230 வோல்ட் கூடவே கூடாது.

ஸ்ட்ரிப்பை வெறும் பலகையில் ஒட்டுவது

சூட்டில் பசை இளகி, ஒரு கோடைக்குள் ஸ்ட்ரிப் தொங்கும். அலுமினியச் சேனலில் ஒட்டினால் சூடும் இறங்கும், ஒளியும் சீராக விழும். இடமும் முக்கியம்: பின்பலகையில் வைத்தால் துணியின் நிழல்தான் உங்களைப் பார்க்கும். கதவுப் பக்கத்துச் சட்டத்தின் உள்முகத்தில், துணியைப் பார்த்தபடி வையுங்கள்.

ரீசார்ஜ் விளக்கை உள்ளேயே சார்ஜ் போடுவது

வாடகை வீட்டுக்குக் காந்தத்தில் ஒட்டும் சென்சார் விளக்கைத்தான் நான் சொல்வேன். துளை வேண்டாம், வயர் வேண்டாம். ஆனால் உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. பவர் பேங்கைத் துணிக்கு நடுவே வைத்து, விளக்கை இரவெல்லாம் சார்ஜ் போட்டிருந்த ஒரு வீட்டைப் பார்த்தேன். அதே தட்டில் அந்துருண்டை வேறு, அதுவும் எரியக்கூடியது. விளக்கைக் கழற்றி வெளியே எடுத்து, ஆள் இருக்கும் அறையில் சார்ஜ் போடுங்கள்.

ஏற்கெனவே கீல் வழியாக வயர் விட்டிருப்பவர்கள், முதலில் பிளக்கை உருவிவிட்டுக் கதவை முழுதாகத் திறந்து, வயரை விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது தட்டையாகவோ, விறைத்தோ, பழுப்பேறியோ இருந்தால் அதை மறுபடி செருக வேண்டாம்.