லேசான தோட்டாவுக்குத் திணறும் 12 போர் துப்பாக்கியா? முதலில் உப்பைத் துடையுங்கள்

மண்டபம், கீழக்கரைப் பக்கம் லைசென்ஸோடு செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் வைத்திருப்பவர்களுக்கு இது. 36 கிராம் சிறுகுண்டு உள்ள தோட்டா சரளமாக ஓடும். 24 கிராம் பயிற்சித் தோட்டா போட்டால் காலிக் கூடு வெளியே விழாமல் பக்கவாட்டுத் திறப்பிலேயே சிக்கிக்கொள்ளலாம். உடனே கேஸ் துளையை, அதாவது குழலிலிருந்து வெடிவாயு பிஸ்டனுக்குப் போகும் சிறு துளையைப் பெரிதாக்கலாமா என்று யோசிக்காதீர்கள். பெரிதாக்கினால், அப்புறம் கனமான தோட்டா போடும்போது போல்ட் (தோட்டாவின் பின்பக்கத்தை மூடும் பாகம்) பின்னால் போய் பலமாக மோதும். துப்பாக்கியின் உடலே சேதமாகும்.

கடல்காற்றில் வரும் உப்பும் ஒரு காரணம். தோட்டாவை எல்லாம் எடுத்து, சேம்பரும் (தோட்டா வெடிக்கும் அறை) மேகசினும் காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிஸ்டனைக் கழற்றினால் கறுப்புக் கரியும், ஓரத்தில் செம்பழுப்புத் துருவும் தெரியும். நைலான் பிரஷ், துப்பாக்கி சால்வென்ட் போதும். நிறைய எண்ணெய் விடவே வேண்டாம். கரி அதில்தான் பிசினாக ஒட்டுகிறது.

சில மாடல்களில் லேசான தோட்டாவுக்கென்றே தனி பிஸ்டன் உண்டு, கையேட்டைப் பாருங்கள். சுத்தம் செய்தும் கூடு காலடியிலேயே விழுந்தால் ஸ்பிரிங், ஓ-ரிங் பார்க்க வேண்டும். அதை லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடமே கொடுங்கள். 1959 ஆயுதச் சட்டப்படி ரிப்பேர் தொழிலுக்கும் லைசென்ஸ் வேண்டும்.