காட்டுவதற்கு முன் கையெழுத்து

வேலூர் லாங் பஜார் பக்கம் பிரிண்டர் ரிப்பேர் செய்யும் நண்பர் ஒருவர், இங்க் ஹெட் காய்ந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க ரப்பரில் ஒரு சின்ன மூடி செய்தார். ராணிப்பேட்டையில் தோல் மீது அச்சடிப்பவரிடம் ஓட்டிக் காட்டிவிட்டு, வீடியோவை வாட்ஸப் குழுவிலும் போட்டுவிட்டார். அப்புறம்தான் பேடன்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை) ஞாபகம் வந்தது! விண்ணப்பிக்கும் முன்பே வெளியே தெரிந்துவிட்டால், அது புதுசு இல்லை என்று பேடன்ட் கைவிட்டுப் போகலாம்.

பேடன்ட் வழக்கில் எதிர்த்தரப்பு விடாமல் தோண்டும் விஷயம் இது: விண்ணப்பத் தேதிக்கு முன் யார் பார்த்தார்கள், அவருக்கு ரகசியம் காக்கும் கடமை இருந்ததா? 'நம்ம ஆளுதாங்க' என்பதைக் கோர்ட்டில் நிரூபிப்பது கஷ்டம். அதனால் காட்டும் முன்பே ஒரு பக்க ரகசிய ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். எதை, யாருக்கு, என்றைக்குக் காட்டினோம் என்பது அதில் இருக்கட்டும். வரைபடத் தாள் ஒவ்வொன்றிலும் தேதியும் இருவர் கையெழுத்தும்.

இதைவிட நல்லது, முதலில் தற்காலிக விவரக்குறிப்போடு (provisional specification, கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்ட ஆவணம்) விண்ணப்பித்துவிடுவது. ஆன்லைனிலேயே போடலாம்; நமக்குச் சென்னை கிண்டி அலுவலகம். முழு விவரக்குறிப்பு 12 மாதத்துக்குள் போக வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில், கண்டுபிடித்தவரே முன்கூட்டி வெளியிட்டிருந்தாலும் விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. அதை நம்பி இங்கே இருந்துவிடாதீர்கள். நம் சட்டத்தில் அந்தச் சலுகை, மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான். காலேஜ் எக்ஸ்போவெல்லாம் தானாக அதில் சேராது.