காலில் சர்க்கரைப் புண்ணா? வீடியோ காலில் உடற்பயிற்சி செய்யும் விதம்

அப்பாவுக்கு வலது பெருவிரலுக்கு அடியில் புண். டாக்டர் சொன்னது "காலை ஊன்றாதீங்க", அவர் காதில் விழுந்தது "அசையாதீங்க". ஆறு வாரம் கட்டிலோடு கிடந்ததில் தொடைச் சதை வற்றி, சர்க்கரையும் ஏறி, பாத்ரூம் போகவே ஆள் தேட வேண்டியதாகிவிட்டது. அப்புறம்தான் ஒரு பிசியோதெரபிஸ்ட் வாரம் மூன்று நாள் வீடியோ காலில் வர ஆரம்பித்தார். அதில் நாங்கள் கற்றுக்கொண்டது இது.

முதலில் ஒருமுறையாவது நேரில் போய்விடுங்கள். பாதத்துக்கு ரத்தம் ஓடுகிறதா, புண்ணில் சீழ் பிடித்திருக்கிறதா, கண்ணின் விழித்திரை எப்படி இருக்கிறது, இதெல்லாம் போனில் தெரியாது. புண்ணைப் பார்க்கும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் வீடியோ கால்.

போனை முகத்துக்கு நேராக வைக்காதீர்கள். முட்டி உயரத்தில், பக்கவாட்டில், எதன் மீதாவது சாய்த்து வையுங்கள். தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டும். கையில்லாத ஸ்டூல் வேண்டாம். கைப்பிடி உள்ள, நகராத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். அந்த நாற்காலிக்குப் போகிற பத்து அடி இருக்கிறதே, அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். டாக்டர் கொடுத்த காலணியோ மாவுக்கட்டோ இல்லாமல் அந்தப் பத்து அடியும் நடக்கக் கூடாது. மரத்துப்போன காலுக்கு வலி தெரியாது, அதனால் புண்ணை மிதித்துக்கொண்டே நடப்பதும் தெரியாது. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பால் பிராண்ட் அந்தக் காலத்திலேயே வலியுறுத்திய விஷயம் இது: உணர்ச்சியற்ற காலைத் தின்பது நோய் மட்டும் அல்ல, தெரியாமல் விழும் மிதியும்தான்.

உட்கார்ந்ததும் சர்க்கரை பாருங்கள். இன்சுலினோ, கிளிமிபிரைடு மாதிரி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவருக்கு 100-க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிடட்டும். 250-ஐத் தாண்டி உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு விடுமுறை. டைப் 1 ஆளாக இருந்தால், 250-ஐத் தாண்டிய நாளில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்காமல் தொடங்கவே கூடாது. நடுவில் வியர்த்து, கை நடுங்கினால் நிறுத்திவிட்டுச் சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

இனி பயிற்சி. புண் உள்ள காலின் கெண்டைக்குக் கீழே தலையணை, பாதம் எதிலும் படாமல் அந்தரத்தில். முட்டியை நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணி இறக்குவது, பத்து தடவை. அடுத்தது நல்ல கால். கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், டம்பெல் வாங்க ஓட வேண்டாம். மூச்சு வாங்குவதற்கு, உட்கார்ந்தபடியே காற்றில் குத்துவிடுவது. அப்பாவுக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது, யாரை நினைத்துக் குத்தினாரோ! எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணினால் மூச்சை அடக்க முடியாது, அதனால் ரத்த அழுத்தம் திடீரென்று எகிறாது. படம் உறைந்து நின்றாலும் எண்ணிக்கை அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கும்.

கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதை மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். புண் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தோல் இழுபடலாம். யூடியூபில் முதியோருக்கென்று வரும் நாற்காலிப் பயிற்சிகளில் எழுந்து எழுந்து உட்காருவது நிச்சயம் இருக்கும். நமக்கு அது ஆகாது, எழும்போதெல்லாம் உடம்பின் எடை புண்ணிலும் இறங்கும்.

முடிந்ததும் வீட்டில் ஒருவர் குனிந்து காலைப் பார்க்க வேண்டும். போனுக்கு மூக்கு கிடையாது, தொட்டுப் பார்க்கக் கையும் கிடையாது. கட்டு நனைந்திருக்கிறதா, நாற்றம் வருகிறதா, ஒரு பாதம் மட்டும் சுடுகிறதா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள். கட்டு மாற்றும் நாளில் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், அப்போதுதான் புண் சுருங்குகிறதா என்று அவர்களால் சொல்ல முடியும். சிவப்பு பரவினாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காரணமில்லாமல் சர்க்கரை ஏறினாலோ அடுத்த வீடியோ காலுக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

காசு கொடுக்க வழியில்லாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கும் பிசியோதெரபியும் உண்டு.

புண் மூடிவிட்டால் உடனே மொட்டை மாடியில் நடை போட ஆசை வரும். அப்பா அப்படித்தான் கிளம்பினார். புதுத்தோல் மெல்லியது, முதல் வாரம் எம்.சி.ஆர். செருப்போடு (மெத்தென்ற ரப்பர் வைத்தது) வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம், வந்ததும் செருப்பைக் கழற்றிப் பாதம் பார்ப்பது, சிவப்பு இல்லாவிட்டால் மட்டும் மறுநாள் கொஞ்சம் கூட்டுவது என்று பிசியோதெரபிஸ்ட் கணக்குப் போட்டுக் கொடுத்தார். மாடிப்படிக்கு இன்னும் அனுமதி வரவில்லை.