"ஆறுக்கு முடிச்சுக்கலாமா?": சரி சொல்வதற்கு முன் நாம் செய்யும் தவறுகள்

போன ஆவணியில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் வாட்ஸாப்பில் கேட்டார்: "அக்கா, ரெண்டும் ஆறுக்கு முடிச்சுக்கலாமா?" நானும் "சரிங்க அண்ணே" என்று போட்டுவிட்டேன்.

நாச்சியார்கோவில் பட்டறைகளில் வார்க்கும் பித்தளைக் குத்துவிளக்குகளை வாங்கி, கும்பகோணத்திலிருந்து ஆன்லைனில் விற்கிறேன். அவர் பார்த்தது மூன்றடி விளக்கு. படத்துக்குக் கீழே 6,800 ரூபாய் என்று எழுதியிருந்தேன். முன்பணமாக ஆயிரம் வந்தது. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் இருக்கும் அன்னம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய செய்தித்தாளில் சுற்றி, இடையில் வைக்கோல் திணித்து இரண்டு பெட்டிகளாகக் கட்டி வைத்தேன். மறுநாள் 5,000 வந்தது. "மொத்தமும் போட்டாச்சுக்கா, அனுப்பிடுங்க" என்றார். நான் எதிர்பார்த்திருந்தது 11,000. அவர் மனதில் ஜோடி ஆறாயிரம், என் மனதில் ஒன்று ஆறாயிரம்.

அவர் ஏமாற்ற வந்தவர் இல்லை. படத்தில் இரண்டு விளக்குகளைச் சேர்த்து நிற்க வைத்தது நான்தான். சீர்வரிசைக்கு வாங்குகிறவர்களுக்குக் குத்துவிளக்கு என்றாலே ஜோடிதான். 6,800-க்குப் பக்கத்தில் 'ஒன்றின் விலை' என்று எழுதாதது என் தவறு. வாங்க வருகிறவர் குழப்பமாக விலை கேட்கிறார் என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோம். அந்தக் குழப்பத்தில் பாதி நம் பதிவிலேயே ஆரம்பித்திருக்கும். ஒன்றை விற்கிறீர்கள் என்றால் படத்திலும் ஒன்றையே வையுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு, எதற்கு, எத்தனைக்கு என்று சொல்லாத வெறும் எண்ணுக்குச் சரி சொல்வது. நம் பக்கத்தில் விலையைச் சுருக்கிப் பேசுவது பழக்கம். 'பன்னெண்டு' என்றால் ஆயிரத்து இருநூறாகவும் இருக்கலாம், பன்னிரண்டாயிரமாகவும் இருக்கலாம். 'ஒன்றரை' என்பதும் அப்படித்தான். 'மூட்டை என்ன விலை' என்று கேட்டால், தனியார் வியாபாரி 60 கிலோவை நினைத்துக் கேட்பார். நெல்லை அரசுக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பழகியவருக்கு 40 கிலோ சிப்பம் மனதில் இருக்கும். மாப்பிள்ளைச் சம்பா விற்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், விலை பேசி முடித்த பிறகு "நான் கேட்டது அரிசிக்கு, நெல்லுக்கு இல்லை" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் பேசுகிற இருவருக்கும் எந்த மாடு, எவ்வளவு என்பதில் சந்தேகமே இருக்காது, ஏனென்றால் மாடு கண்முன்னே நிற்கிறது. ஆன்லைனில் பேசும்போது நம்மிடம் இருப்பது அந்த விரல் மட்டும்தான், மாடு எதிரில் இல்லை. அதனால் எல்லாவற்றையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

இப்போது யார் எந்த எண்ணைச் சொன்னாலும் சரி என்று சொல்லாமல், அதை முழு விலையாக மாற்றி நானே திருப்பி அனுப்புகிறேன். இப்படி:

"அண்ணே, நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். 3 அடி குத்துவிளக்கு, அன்னம் வைத்தது, ஒன்று 6,000 ரூபாய். இரண்டுக்கு 12,000. ஜிஎஸ்டி சேர்த்துத்தான். பார்சல் கூலி தனி, டூ பேயில் போடுகிறேன், எடுக்கும்போது நீங்கள் கட்டிக்கொள்ளலாம். நாளை மாலை 6 மணி வரை இந்த விலை. சரியா?"

நீளமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அனுப்பி முடித்ததும் "இல்லக்கா, நான் சொன்னது பார்சலும் சேர்த்து" என்று பதில் வந்தால், அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. பெட்டி கட்டிய பிறகு தெரிவதற்கு இது எவ்வளவோ மேல். போனில் பேசி முடித்தாலும், வாய்ஸ் மெசேஜில் சொன்னாலும், கடைசியில் இதையே எழுத்தில் ஒரு முறை அனுப்பிவிடுவேன்.

சட்டமும் இதையேதான் பார்க்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 29-வது பிரிவு, பொருள் தெளிவில்லாத, தெளிவாக்கவும் வழியில்லாத உடன்பாடு செல்லாது என்கிறது. அதிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 'என் வெள்ளைக் குதிரையை ஐந்நூறு ரூபாய்க்கோ ஆயிரம் ரூபாய்க்கோ விற்கிறேன்' என்று ஒருவர் ஒப்புக்கொள்கிறார். இரண்டில் எந்த விலை என்று காட்ட எதுவும் இல்லாததால் அது செல்லாது. என் ஆறாயிரமும் கிட்டத்தட்ட அந்தக் குதிரைதான். வாட்ஸாப்பில் பேசியதெல்லாம் கணக்கில் வராது என்றும் நினைக்காதீர்கள். மின்னணு வழியில் பேசி முடித்தது என்பதாலேயே ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது.

அப்புறம், "கடைசி விலை என்ன?" என்ற கேள்வி. இதற்கு உடனே ஒரு தொகையைக் குறைத்துச் சொல்வதுதான் நம்மில் பலர் செய்வது. எத்தனை வேண்டும், எந்த ஊருக்கு என்பது தெரியாமல் கடைசி விலை எப்படிச் சொல்ல முடியும்? அவர் கேட்டது விலைக்குறைப்பு என்றுகூட நிச்சயமில்லை. சிலர் பேச்சை ஆரம்பிக்கவே இப்படிக் கேட்கிறார்கள். முதலில் எண்ணிக்கையையும் ஊரையும் கேளுங்கள். ஒன்று வாங்குகிறவருக்கும் கோயிலுக்குப் பத்து வாங்குகிறவருக்கும் ஒரே விலை சொல்ல வேண்டியதில்லை.

"கிலோ என்ன விலை?" என்று கேட்பவர்களிடமும் கவனம் வேண்டும். குத்துவிளக்கை எடை போட்டு விற்பது இங்கே வழக்கம்தான். ஆனால் கிலோ விலையை மட்டும் சொன்னால், அவர் மூன்றடி விளக்குக்கு நான்கு கிலோ என்று தானாகக் கணக்குப் போட்டுக்கொண்டு வருவார். அந்த விளக்கையே தராசில் வைத்து, எடை தெரிகிற மாதிரி படம் எடுத்து, கிலோ விலையோடு மொத்தத் தொகையையும் சேர்த்து அனுப்புங்கள். வேலைக் கூலி சேர்ந்ததா, தனியா என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய பித்தளை விலையோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

கட்டைவிரல் படத்தையும் கும்பிடும் கையையும் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'பார்த்தேன்', 'நன்றி' என்றுகூட அதற்குப் பொருள் இருக்கும். 'வீட்ல கேட்டுச் சொல்றேன்' என்றவருக்காகத் தை மாத முகூர்த்த நேரத்தில் ஒரு ஜோடியைப் பத்து நாள் ஒதுக்கி வைத்து, வேறு இருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முன்பணம் வரும்வரை எதையும் ஒதுக்குவதில்லை என்று பணிவாகச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்தக் கல்யாண வீட்டுக்காரரிடம் நானே போன் செய்து பேசினேன். படம் அப்படி இருந்தது என் தவறு, ஆனால் அந்த விலைக்கு ஜோடி தர எனக்குக் கட்டுப்படி ஆகாது என்றேன். அவரும் புரிந்துகொண்டு, 6,000 ரூபாய்க்குள் இரண்டடி ஜோடியாக எடுத்துக்கொண்டார். கட்டிய பெட்டிகளைப் பிரித்து மறுபடி கட்டியதில் ஒரு நாள் போனது.

ஒரு வகை ஆள் மட்டும் வேறு. விலை பற்றி ஒன்றுமே கேட்கமாட்டார். எடை, உயரம் எதுவும் வேண்டாம், "சொன்ன தொகையை அப்படியே போடுறேன், க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்" என்பார். யுபிஐயில் பணம் வாங்க ஸ்கேன் செய்யவோ பின் போடவோ தேவையே இல்லை. பின் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும். 'தவறுதலா ஒரு சைபர் கூட வந்துடுச்சு, மீதியைத் திருப்பி அனுப்புங்க' என்று யாராவது சொன்னால், அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். தாமதமானால் பணம் வேறு கணக்குகளுக்குப் போய்விடும், நிறுத்தி வைப்பது கடினம்.