இயந்திரப் பொறியியலோடு கப்பலையும் படிக்க, ஒரு முல்லைத்தீவுக்காரியின் வழி

சின்ன வயதில் நாயாற்றில் வள்ளத்தில் போகும்போது எழுந்து நின்றால் அப்பா அதட்டுவார்: "எழும்பாத பிள்ளை, குந்து!" பல்கலைக்கழகத்தில் கப்பல் பொறியியலைத் துணைப்பாடமாக எடுத்த பிறகுதான் அந்த அதட்டலுக்குள் ஒரு சமன்பாடு இருப்பது தெரிந்தது.

கிளிநொச்சி அறிவியல்நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: எங்கிருந்து தொடங்குவது? உங்கள் பீடத்தில் கப்பல் பொறியியல் என்ற பெயரில் துணைப்பாடம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் விருப்பப்பாடங்களையும் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தையும் கப்பல் பக்கம் திருப்பிவிடுங்கள். பாய்மவியலும் பொருட்களின் வலிமையும் முடியும்வரை அவசரப்பட வேண்டாம். அப்புறம் மிதப்பும் சமநிலையும், அதன் பின் நீரின் தடையும் உந்துகையும், கடைசியாகக் கப்பல் கட்டமைப்பு. உந்துகைப் பாடத்தோடு தொடங்கிய என் நண்பர்கள் பாதியில் விட்டுவிட்டார்கள். கணினியில் அழகழகாகக் கப்பலின் உடலை வரையும் மென்பொருட்களும் பொறுக்கட்டும்.

சமநிலையில்தான் நேரத்தைச் செலவழியுங்கள். அடியிலிருந்து மூன்று உயரங்கள்: மிதப்பு மையம் (நீரில் அமிழ்ந்த பகுதியின் மையம்), புவியீர்ப்பு மையம், மெட்டாசென்டர் (வள்ளம் சற்றுச் சரியும்போது மிதப்பு மையத்திலிருந்து நேர் மேலே போகும் கோடு வள்ளத்தின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளி). புவியீர்ப்பு மையம் மெட்டாசென்டருக்குக் கீழே இருக்கும்வரை வள்ளம் சரிந்தாலும் நிமிரும். இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம்தான் ஜீஎம் (GM). ஒருவர் எழுந்து நின்றால் புவியீர்ப்பு மையம் மேலேறும், ஜீஎம் குறையும். அகலமோ பெரிய உதவி: பெட்டி வடிவ மிதவை ஒன்றில், அமிழும் ஆழம் மாறாமல் அகலத்தை இரட்டித்தால், மிதப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் இடையிலுள்ள தூரம் நான்கு மடங்காகும்.

வள்ளம் பெட்டி இல்லையே என்பீர்கள். நீர்மட்டத்தில் சம இடைவெளியில் ஐந்து இடங்களில் அகலத்தை அளந்து, சிம்சன் விதியில் 1, 4, 2, 4, 1 என்று பெருக்கிக் கூட்டி, இடைவெளியின் மூன்றில் ஒன்றால் பெருக்கினால் நீர்மட்டப் பரப்பு வந்துவிடும். ஒரு மாலைப்பொழுது போதும். வள்ளம் இடம்பெயர்க்கும் நீரின் எடையைக் கணக்கிட, கடல்நீரின் அடர்த்தியாகக் கனமீட்டருக்கு 1025 கிலோவை எடுங்கள். களப்பில் மழைக்காலத்தில் அது இறங்கும், அளந்தே எடுங்கள்.

அடுத்து, ஜீஎம் எவ்வளவு என்று வள்ளத்திலேயே அளந்து பாருங்கள். காற்றில்லாத காலையில், இடுப்பளவு தண்ணீரில், கயிற்றைத் தளர்வாக விட்டு, நடுவில் ஒரு மீட்டர் தூக்குநூல் கட்டுங்கள். தெரிந்த எடையுள்ள மூட்டையைக் குறுக்கே நகர்த்தி நூல் எவ்வளவு விலகுகிறது என்று அளவுகோலில் பாருங்கள். மொத்தம் 600 கிலோ இருக்கும் வள்ளத்தில் 20 கிலோ மூட்டையை 1.2 மீட்டர் நகர்த்தி, நூல் 5 சென்ரிமீட்டர் விலகினால், ஜீஎம் 0.8 மீட்டர். மூட்டை எடையை நகர்ந்த தூரத்தால் பெருக்கி, மொத்த எடையையும் நூல் சரிவையும் (விலகலை நூல் நீளத்தால் வகுத்தது, இங்கே 0.05) பெருக்கியதால் வகுப்பதுதான். உள்ளே இருப்பவர் அசையக் கூடாது. மருமகனை உட்கார வைக்காதீர்கள், அவன் மீனைப் பார்த்து எட்டிப்பார்ப்பான்.

தொடங்கும் முன் அடியில் தேங்கிய தண்ணீரை இறைத்துவிடுங்கள். வள்ளம் சரியும்போது அதுவும் சரிந்த பக்கம் ஓடும், ஜீஎம் குறைவாகக் காட்டும். முதல் முறை நான் இறைக்கவில்லை. இரண்டு நாள் கணக்கையே திட்டிக்கொண்டிருந்தேன்.